தலை சுற்றியதும் பாடம்தான்

வகுப்பில் மெய்நிகர் விளையாட்டு என்றதும் மூன்றாம் படிவ மாணவர்கள் முண்டியடித்து வந்தார்கள். கருவியைக் கண்ணில் மாட்டியதும் ரோலர் கோஸ்டர் பாய்ந்தது. பலர் கூச்சலிட்டு மகிழ்ந்தார்கள். ஒரு மாணவி முகம் வெளிறியும் கருவியைக் கழற்றவில்லை. நண்பர்கள் கேலி செய்வார்கள் என்ற பயம்.

அது பலவீனம் அல்ல, மாணவர்களே. கண் "ஓடுகிறோம்" என்கிறது. உட்செவியில் உள்ள சமநிலை உறுப்புகளோ "உட்கார்ந்திருக்கிறோம்" என்கின்றன. இந்த முரண்பாட்டில் மூளை குழம்புவதால் குமட்டுகிறது என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து கோல சிலாங்கூருக்குப் பேருந்தில் போகும்போது புத்தகம் படித்தவர்களுக்கு இது புரியும். அங்கே செவி "ஓடுகிறோம்" என்னும்; பக்கத்தையே பார்க்கும் கண் "இல்லை" என்னும்.

"ரங்சாங்கான் டான் கெராக் பாலாஸ்" பாடத்தில் செவியைப் படமாகத்தான் பார்த்தோம். அன்று அதன் வேலையை உடம்பிலேயே உணர்ந்தோம்.

எனவே இத்தகைய விளையாட்டுகள் வகுப்புக்கு வரட்டும். ஆனால், யார் வென்றார் என்பதைவிட உடலில் என்ன நடந்தது என்று எழுதுவதற்கே மதிப்பெண் கொடுக்க வேண்டும். தலை சுற்றினால் உடனே கருவியைக் கழற்றுங்கள். வெளியே சொல்லக் கூச்சப்படாதீர்கள். அன்றைய வகுப்பில் மிகச் சிறந்த ஆய்வுக் குறிப்பு அந்த மாணவியுடையதுதான்.