ஏழு நிமிட உரையும் இந்தோனேசிய இளைஞர் பேச்சும்

இந்தோனேசியப் பள்ளிவாசல்களில், குறிப்பாக ரமழான் மாதத்தில், தொழுகையை ஒட்டி நிகழும் குறுகிய மார்க்க உரைக்குக் 'குல்தும்' என்று பெயர். அரபுச் சொல்லைப் போல் ஒலித்தாலும் இது அரபுச் சொல்லன்று. ஏழு நிமிடப் பாடம் எனப் பொருள்படும் 'குலியா துஜு மெனித்' என்ற தொடரின் துண்டுகளை ஒட்டிச் செய்த சுருக்கம். சமூக ஊடகங்களில் இளைஞர்கள் சொற்களை வெட்டி மொழியைச் சிதைக்கிறார்கள் என்று வருந்தும் அந்நாட்டுப் பெரியவர்கள், இந்தக் குல்துமைக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம்.

இளைஞர்கள் செய்வதும் அதையே. கூடி நோன்பு திறப்பதைக் குறிக்கும் 'புகா பெர்சமா' அவர்களிடம் 'புக்பெர்' ஆகிறது. எதையும் மனத்தில் போட்டு வருந்துவது 'பாப்பெர்'. அசையச் சோம்புவது 'மாகெர்'. ஆன்லைன் என்பதற்கு ஈடாக அதிகாரபூர்வமாக வழங்கும் 'தாரிங்' என்ற சொல்லும் 'தாலம் ஜாரிஙான்' என்ற தொடரை வெட்டி ஒட்டியதே. அறிஞர் வெட்டினால் கலைச்சொல், இளைஞர் வெட்டினால் சிதைவு என்பது என்ன நியாயம்?

ஆங்கிலக் கலப்பைப் பற்றிய குற்றச்சாட்டு இதைவிடக் கடுமையானது. தெற்கு ஜகார்த்தாவின் வசதி படைத்த இளைஞர்கள் வாக்கியத்தின் நடுவே 'லிட்டரலி', 'விச் இஸ்' என்று செருகிப் பேசுவது 2018ஆம் ஆண்டளவில் நாடெங்கும் கேலிக்கு உள்ளானது. இத்தகைய பேச்சைக் கண்டிப்போர் 1928 அக்டோபர் 28 அன்று இளைஞர் மாநாட்டில் எடுக்கப்பட்ட உறுதிமொழியை நினைவூட்டுவது வழக்கம். ஒரே தாயகம், ஒரே தேசம், ஒன்றிணைக்கும் மொழியாக இந்தோனேசிய மொழி என்பது அதன் சாரம். ஆயினும் அவ்விளைஞர்கள் எண்ணிக்கையில் மிகுந்த ஜாவானியரின் மொழியை ஏற்கவில்லை. துறைமுகங்களில் பலரும் கலந்து புழங்கிய மலாயையே இந்தோனேசிய மொழியாக ஏற்றனர்.

அம்மொழியில் 'கிதாப்' அரபு. 'காப்பால்' நம் கப்பல். ஜகார்த்தா இளைஞர் நான், நீ என்பவற்றுக்கு வழங்கும் 'குவே', 'லு' இரண்டும் ஹொக்கியன் சீனம். பாவத்துக்குத் 'தோசா', சொர்க்கத்துக்குச் 'சுர்கா', நோன்புக்குப் 'புவாசா' என்பன வடமொழியிலிருந்து வந்தவை. உபவாசம் என்பதன் திரிபால் நோன்பைச் சொல்வதனால் அம்மக்களின் நோன்பு குறைந்துபோய்விட்டதா?

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். மிகைப்படுத்திப் பேசுபவரை இணைய இளைஞர்கள் 'லெபாய்' என்று கிண்டல் செய்கின்றனர். 'அதிகம்' எனப் பொருள்படும் 'லெபிஹ்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது அது. ஆனால் அதே ஒலியில் பழைய மலாய்ச் சொல் ஒன்றும் உண்டு. பள்ளிவாசல் பணியாளரைக் குறிக்கும் அச்சொல் நம் 'லெப்பை' என்பதிலிருந்து சென்றது. நம் லெப்பைமார் எவரும் மனம் வருந்த வேண்டியதில்லை, இரண்டுக்கும் உறவில்லை.

கலப்பு என்னைக் கவலைப்படுத்தவில்லை. வசை சற்றுக் கவலைப்படுத்துகிறது. நாயைச் சொல்லித் திட்டும் சொல்லின் திரிபான 'அஞ்சாய்' வியப்புக்கும் பாராட்டுக்கும்கூடப் பயன்படுகிறது. 2020இல் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று அதைக் கைவிடும்படி அறிக்கை விடுத்தபோது, அந்த அறிக்கையே கேலிப்பொருளாயிற்று. தடையினால் சொல் சாவதில்லை.

உண்மையான இழப்பு வேறிடத்தில் நிகழ்கிறது. ஜாவா மொழியில் உண்பதற்கு ஒரே சொல் இல்லை. நண்பனிடம் பேசும் 'ஙோகோ' நடையில் 'மாஙான்'. பணிவான 'க்ரமா' நடையில் தன்னைப் பற்றிச் சொல்ல 'நெடா'. பாட்டியார் உண்பதைச் சொல்ல 'தஹார்'. இணையத்தில் ஙோகோ செழிக்கிறது. கேலிப் படங்களுக்கும் காணொளிகளுக்கும் அது வாய்ப்பானது. பெரியவர்களுக்கு உரிய நடையோ பிள்ளைகளிடம் தேய்ந்து வருகிறது. தவறாகப் பேசிவிடுவோம் என்ற அச்சத்தில் பலர் பாட்டியாரிடம் இந்தோனேசிய மொழிக்குத் தாவிவிடுகின்றனர். அதுவும் மரியாதைக்காகவே செய்யப்படுகிறது என்பதுதான் வேதனை.

இது குடும்பத்தோடு நிற்கவில்லை. ஜாவாவின் பெசந்த்ரன் என்னும் மத்ரஸாக்களில் அரபுக் கிதாபின் ஒவ்வொரு சொல்லின் கீழும், அரபு எழுத்தில் எழுதிய ஜாவா மொழிப் பொருளைச் சாய்வாகத் தொங்கவிட்டு எழுதுவர். அந்த எழுத்துமுறைக்குப் பெகோன் என்று பெயர். எழுவாய்க்கு 'உதாவி', பயனிலைக்கு 'இக்கு' என்று இலக்கணமும் அதிலேயே அடங்கிவிடும். அரபு தெரியாத மாணவரைக் கிதாபுக்குள் கொண்டுசெல்லும் படிக்கட்டு அது. ஜாவா மொழி பழகாத பிள்ளைக்கோ அந்தப் பொருளுரைக்கே இன்னொரு பொருளுரை வேண்டியிருக்கிறது.

வகுப்பில் பாடம் சொல்பவன் என்ற முறையில் இது எனக்கு அந்நிய நாட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை. பெகோனைப் போன்றதே நம் அரபுத்தமிழ். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் முன்னோர் மார்க்கத்தை அதில்தான் எழுதி வைத்தனர். குர்ஆனைத் தடையின்றி ஓதும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஓர் அரபுத்தமிழ்ப் பக்கத்தை வாசித்துப் பொருள் சொல்வார்கள்? அவர்கள் கைப்பேசியில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவதைப் பெற்றோர் கண்டிக்கும்போது, இந்தக் கேள்வியையும் வீட்டில் கேட்க வேண்டும். நண்பனிடம் எப்படியும் எழுதட்டும். பாட்டனாரின் கிதாபைத் திறக்கவும் அவனுக்குத் தெரிய வேண்டும். அதைக் கற்பிப்பது பெற்றோர் பொறுப்பு, என் போன்றோர் பொறுப்பு.

ஜாவாவில் இதற்கு ஒரு வழி தென்படுகிறது. ரெம்பாங் பகுதியைச் சேர்ந்த ஆலிம் குஸ் பஹாவின் கிதாபுப் பாடங்கள் யூடியூபில் பரவலாகக் கேட்கப்படுகின்றன. அவர் ஜாவா மொழி, அரபு, இந்தோனேசிய மொழி மூன்றையும் கலந்தே பாடம் சொல்கிறார். ஜாவா மொழி பிடிபடாத இளைஞர்களுக்காக அப்பதிவுகள் பலவற்றின் அடியில் இந்தோனேசிய மொழிபெயர்ப்பும் ஓடுகிறது.