மூன்று தட்டுகளில் ஒரு ஞாயிறு

ஜாஸ் பெட்டித் தொகுப்புகளை வாங்கி அடுக்கும் பைத்தியம் எனக்கும் உண்டு. பாதிக்கு மேல் வீண்செலவு என்பேன். ஸ்டுடியோவில் கழித்துப் போட்டதையெல்லாம் நாலு தடவை யார் கேட்பது? ஆனால் பில் எவன்ஸின் வில்லேஜ் வான்கார்டு பெட்டியை மட்டும் யாருக்கும் இரவல் தரமாட்டேன்.

1961 ஜூன் 25, நியூயார்க். மதியமும் இரவுமாக ஐந்து அமர்வுகள், வாசித்த வரிசையிலேயே. முதல் உருப்படியின் நடுவே கரண்ட் போய்விடுகிறது! அதையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். ‘ஆல் ஆஃப் யூ’ மூன்று முறை வருகிறது. மூன்று முறையும் ஸ்காட் லஃபாரோவின் பாஸ் வேறு வழியில் போகிறது. அன்று வெளிவந்த எல்.பி.க்களில் இந்த வரிசை கிடையாது.

பதினொன்றாம் நாள் கார் விபத்தில் லஃபாரோ போய்விட்டார். வயது 25.

சாப்பிடக் கூப்பிட்டால், “இன்னும் ஒரு அமர்வு பாக்கி” என்கிறேன்.