சதவீதக் குறியை நம்பி...

படித்தது பி.காம்., பார்ப்பது பேங்க் உத்தியோகம், உங்களுக்கெதுக்கு பேட்ச் ஃபைல் என்று தங்கமணி கேட்டபோது கோபம் வந்தது. இப்போது ரொம்ப நியாயமான கேள்வியாகப் படுகிறது. நடந்ததைச் சொல்லி என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். பொட்டி தட்டும் நண்பர்கள் சண்டைக்கு வரலாம் :-)

அப்பா எனக்கு எழுதிய இன்லேண்ட் லெட்டர்கள் எல்லாம் கும்பகோணத்தில் அக்கா வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர் மாறுகிறவன் பழைய காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைய முடியுமா? பொங்கலுக்குப் போனபோது மொபைலில் படம் பிடித்துக்கொண்டு வந்தேன். எழுபது சொச்சம் கடிதம், 214 படம். நாக்பூரில் வளரும் என் பெண்ணுக்கு மராத்தியும் இந்தியும் தண்ணிபட்ட பாடு. தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். தாத்தா கையெழுத்தை வைத்தே பழக்கலாம் என்று ஒரு ஆசை.

மொபைல் வைத்திருந்த நீளநீளமான பெயர்களை 1, 2, 3 என்று மாற்றி வேறு ஃபோல்டருக்கு நகர்த்த ஒரு குட்டி பேட்ச் ஃபைல் எழுதினேன். முதலில் எண் என்ற வேரியபிளுக்கு 0. அப்புறம் ஒரு ஃபார் லூப். அதன் அடைப்புக்குறிக்குள் இரண்டே வேலை: 'செட் /ஏ' போட்டு எண்ணில் ஒன்று கூட்டு, படத்தை %எண்%.ஜேபிஜி என்ற பெயருக்கு மூவ் செய். லூப் முடிந்ததும் மொத்தத்தைக் காட்டு. ஓட்டினேன். 'மொத்தம் 214' என்று வந்தது. டேலி ஆகிவிட்டதே என்ற நிம்மதியில், இடத்தை அடைக்கிறது என்று மொபைலில் இருந்த படங்களையும் அழித்தேன்.

ஃபோல்டரைத் திறந்தால் ஒரே ஒரு படம். அதன் பெயர் 0.ஜேபிஜி.

விஷயம் இதுதான். கமாண்ட் ப்ராம்ப்ட், திறக்கும் அடைப்புக்குறியிலிருந்து மூடும் அடைப்புக்குறி வரை எல்லாவற்றையும் ஒரே கட்டளையாகப் படிக்கிறது. படிக்கும்போதே %எண்% இருக்கும் இடத்தில் அந்த நேரத்து மதிப்பை எழுதிவிடுகிறது. லூப் இன்னும் ஒரு சுற்றுகூட ஓடவில்லை, ஆகவே 0. அதற்கப்புறம் 214 சுற்றிலும் அது வெறும் 0 தான். 'செட் /ஏ' மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் வேரியபிளையே நேராகப் பார்த்துக் கூட்டுகிறது. அதனால் கணக்கு ஒழுங்காக ஏறியது. மொத்தம் காட்டும் வரி அடைப்புக்குறிக்கு வெளியே தனியாக இருந்ததால் 214 என்று சரியாகவே சொன்னது. சிஸ்டம் படுத்துவிட்ட நாளில், காலையில் அச்சடித்த பேலன்ஸ் லிஸ்டை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை செக் பாஸ் பண்ணினால் என்ன ஆகும்? அதேதான். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆனாலும் உள்ளே தப்பு இருக்கலாம் என்று பி.காம். முதல் வருஷமே படித்தவன் நான்!

இன்னொரு அநியாயம். கையால் டைப் அடித்தால் காப்பி, மூவ் இரண்டும் 'மேலெழுதட்டுமா' என்று கேட்கும். பேட்ச் ஃபைலுக்குள் கேட்காது. 213 படம் போனது இதனால்தான். ரீசைக்கிள் பின்னிலும் கிடையாது.

"இது பிழையே இல்லை சார், 'செட் /?' அடித்தால் விளக்கியிருக்கிறதே" என்றார் ஒரு ஐ.டி. நண்பர். வாஸ்தவம்தான். விண்டோஸ் 2000-லேயே மருந்தும் கொடுத்துவிட்டார்கள். 'செட்லோக்கல் எனேபிள்டிலேய்ட்எக்ஸ்பான்ஷன்' என்று மேலே போட்டு, %எண்% என்பதை !எண்! என்று எழுதினால் ஒவ்வொரு சுற்றிலும் அப்போதைய மதிப்பு வரும். என் கட்சி என்னவென்றால், யாரைக் கேட்டாலும் இந்த மருந்தை மட்டும் எழுதிக் கொடுக்கிறார்கள், பக்கவிளைவைச் சொல்வதில்லை. அதைப் போட்டபின் ஃபைல் பெயரிலேயே ஆச்சரியக்குறி இருந்தால் விழுங்கிவிடும். என் பெண் ஒரு படத்துக்கு 'தாத்தா!' என்று பெயர் வைத்திருந்தாள். சோதனைக்கு ஓட்டியபோது அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றது.

என்னைக் கேட்டால் வேலையை லூப்புக்கு வெளியே ஒரு லேபிளில் எழுதி, லூப்பிலிருந்து 'கால்' செய்வதே மேல். அங்கே ஒவ்வொரு வரியும் தன் முறை வரும்போதுதான் படிக்கப்படும், சாதாரண %எண்% போதும். கொஞ்சம் மெதுவாக ஓடும். ஓடட்டுமே, 214 படத்துக்கு என்ன அவசரம்?

அதைவிட முக்கியம், முதல் வரியில் பழக்கதோஷத்தில் எல்லோரும் போடும் 'எக்கோ ஆஃப்'. நானும் போட்டிருந்தேன். போடாமல் இருந்திருந்தால் முதல் படம் நகரும் முன்பே திரையில் முழுக் கட்டளையும், 0.ஜேபிஜி என்ற பெயரோடு, கண்ணெதிரே வந்திருக்கும். மூவ் என்பதற்கு முன்னால் எக்கோ என்று ஒரு வார்த்தை சேர்த்து வெள்ளோட்டம் விட்டிருந்தால் இன்னும் நல்லது. மேக்கர், செக்கர் இல்லாமல் ஒரு வவுச்சரையும் தொடாதவன் வீட்டுக்கு வந்ததும் எல்லாம் மறந்துபோனேன்.

பவர்ஷெல்லுக்கு மாறுங்கள் என்கிறார்கள். அதில் அதே பெயரில் ஃபைல் இருந்தால் மூவ் மறுத்துவிடுமாம், சோதித்தும் பார்த்தேன், உண்மைதான். மாறலாம். இந்த வயதில் இன்னொரு ஆணியா என்று யோசனை.

லேப்டாப்பில் எஸ்.எஸ்.டி., மீட்பு மென்பொருளில் ஒன்றும் தேறவில்லை. அக்காவிடம் இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை. பெட்டி பரணில்தான் இருக்கிறதாம். ஓடு கொஞ்சம் ஒழுகுகிறது என்று வேறு சொன்னாள். ஐப்பசி மழைக்கு முன்னால் போய்வர டிக்கெட் போட்டாயிற்று.

மிஞ்சிய அந்த ஒரு படம் ஏதோ ஒரு கடிதத்தின் கடைசிப் பக்கம். பெண் ரெண்டு நாளாக எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறாள். பணம் வந்து சேர்ந்தது, வேளாவேளைக்குச் சாப்பிடு என்பது வரை வந்திருக்கிறாள்.