இரக்கம் போதும், இடம் தாருங்கள்!

மாற்றுத்திறனாளி ஒருவர் தீட்டிய படத்தையோ, பின்னிய கூடையையோ எடுத்துக் காட்டினால், நம்மவர் வாயிலிருந்து பெரும்பாலும் இரண்டே சொற்றொடர்கள் வருகின்றன. ஒன்று, "பாவம், ஏதோ பொழுது போகிறதே!" என்பது. மற்றொன்று, "அடடா, இந்த நிலையிலும் இப்படியா!" என்பது. முன்னது இரக்கம், பின்னது வியப்பு. இவ்விரண்டையும் நற்பண்பு என்றே நாம் நெடுங்காலமாக எண்ணி வந்திருக்கிறோம். இவை ஒரே கதவுக்கு மேலும் கீழும் போட்ட இரு தாழ்ப்பாள்கள் என்று இப்போது நாம் சொல்லப் புகுந்தால் வாசகப் பெருமக்கள் உடனே சினங்கொள்ளலாகாது. சொல்லி முடித்த பின்னர்த் தாராளமாகச் சினந்துகொள்ளலாம்.

கலிபோர்னியா மாநிலத்தில், சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கீழ்க்கரையில், ஓக்லண்ட் என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. அறிவு வளர்ச்சி குன்றியோரையும் மனநோயாளரையும் ஆயிரக்கணக்கில் அடைத்து வைத்திருந்த பெருங்காப்பகங்களிலிருந்து மக்களை வெளியே அனுப்பத் தொடங்கியிருந்த காலம் அது. அனுப்பியவர்கள், அவர்கள் வெளியே வந்து பகற்பொழுதெல்லாம் என்ன செய்வார்கள் என்று எண்ணிப் பார்க்கவில்லை. 1974ஆம் ஆண்டில் பிளாரன்ஸ் லூடின்ஸ்-காட்ஸ் என்னும் ஓவிய அம்மையாரும், அவர்தம் கணவர் எலியாஸ் காட்ஸ் என்னும் உளநூல் அறிஞரும் தம் வீட்டு மோட்டார்க் கொட்டகையில் மேசை போட்டு, வண்ணமும் தாளும் வைத்து, அத்தகையோரை அழைத்தனர். அதுவே 'கிரியேட்டிவ் குரோத்' என்னும் கலைக்கூடமாயிற்று. பின்னர் அது, முன்பு மோட்டார் வண்டிகளைப் பழுதுபார்த்த பட்டறைக் கட்டடம் ஒன்றுக்குக் குடிபெயர்ந்தது. இன்றும் அங்கேதான் நடைபெறுகிறது. அதே தம்பதியர் தூண்டுதலால் 1982இல் ரிச்மண்டிலும், 1983இல் சான்பிரான்சிஸ்கோவிலும் இதே போன்ற கூடங்கள் எழுந்தன.

அங்கே நடப்பது என்ன? பெரியதொரு பொதுக்கூடம். நூற்றுக்கும் மேற்பட்டோர் வந்து பணிசெய்கின்றனர். ஒருவர் களிமண் பிசைகிறார். அடுத்தவர் மரம் அறுக்கிறார். வேறொருவர் கம்பளி நூலோடு அமர்ந்திருக்கிறார். துணை நிற்போரும் கலைஞர்களே. ஆயின் அவர்கள் "இப்படிப் போடு, அப்படிப் போடாதே" என்று கையைப் பிடித்து இழுப்பதில்லை. கேட்ட பொருளை எடுத்துக் கொடுப்பர், கருவியைக் கையாளக் காட்டுவர், அத்தோடு ஒதுங்கிக்கொள்வர். பணிக்கூடத்தை ஒட்டியே காட்சிக்கூடமும் உண்டு. விற்ற பொருளின் விலையில் பாதி, அதைச் செய்தவருக்கே சேரும்.

அங்கு வந்து சேர்ந்த ஜூடித் ஸ்காட் என்னும் பெண்மணியின் வரலாற்றை ஈண்டுச் சற்று விரித்தே சொல்லவேண்டும். 1943இல் ஒஹையோ மாநிலத்தில் இரட்டைப் பெண்மக்களுள் ஒருவராகப் பிறந்தவர். உடன்பிறந்த ஜாய்ஸ் எக்குறையுமின்றி வளர்ந்தார். ஜூடித்துக்கோ டவுன் சிண்ட்ரோம் என்னும் பிறவிக் குறை. மழலைப் பருவத்திலேயே செவிப்புலனும் போயிற்று. போனதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பேச்சு வரவில்லை என்பதை மட்டும் கண்டவர்கள், கல்விக்கு ஆகாத பிள்ளை என்று தாளில் எழுதி முடித்தார்கள். காது கேளாத குழந்தையிடம் வாயால் வினா விடுத்து, விடை வரவில்லை என்று மதிப்பெண் போட்ட அறிவாளிகளை என்னென்பது! ஏழு வயதில் அரசுக் காப்பகத்தில் விடப்பட்ட அச்சிறுமி, முப்பத்தைந்து ஆண்டுகள் அத்தகைய சுவர்களுக்குள்ளேயே வாழ்ந்தார். 1980களின் நடுவில் சகோதரி ஜாய்ஸ் சட்டப்படி அவருக்குப் பொறுப்பேற்றுத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். 1987இல் ஓக்லண்ட் கூடத்தில் கொண்டுவந்து சேர்த்தார்.

சேர்த்த மறுநாளே அற்புதம் நிகழ்ந்தது என்று எழுத நமக்கும் ஆசைதான். நிகழவில்லை. பென்சிலைக் கொடுத்தார்கள், கிறுக்கிவிட்டு வைத்துவிட்டார். வண்ணத்தைக் கொடுத்தார்கள், ஈடுபாடில்லை. ஒரு மாதமல்ல, இரண்டு மாதமல்ல, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன. அவருடைய நாற்காலியை எவரும் எடுத்துப் போடவில்லை. பின்னர், நூற்கலையில் வல்ல சில்வியா செவன்டி என்பார் அங்கு வகுப்பெடுக்க வந்த காலத்தில், ஏனையோர் செய்ததை ஏறெடுத்தும் பாராமல், சில குச்சிகளை எடுத்து நூலால் சுற்றத் தொடங்கினார் ஜூடித். தொடங்கிய கை 2005இல் அவர் இறக்கும்வரை ஓயவில்லை. நாற்காலி, மிதிவண்டிச் சக்கரம், கடைகளில் சாமான் தள்ளும் வண்டி, அயலார் அயர்ந்திருந்தபோது அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட பொருள்கள்! இவையெல்லாம் நூலுக்குள் நூலாகப் புகுந்து மறைந்தன. நூல் கிட்டாதபோது கைதுடைக்கும் தாள்களையே முறுக்கி முடிந்து ஒரு சிற்பம் ஆக்கினார். முடிந்துவிட்டது என்று அவர் மனம் சொன்னால், அதை அப்பால் தள்ளிவிடுவார்; அடுத்ததைத் தொடங்குவார். ஏறக்குறைய இருநூறு படைப்புகள். 2014இல் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகம் அவருக்கெனத் தனிக் கண்காட்சி நடத்திற்று. 2017இல் வெனிஸ் நகரத்துப் பெருங்கண்காட்சியிலும் அவர் படைப்புகள் இடம்பெற்றன.

அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றித்தான் நமக்கு உறுத்தல். அதைச் சொல்லாமல் மேலே செல்வது நேர்மையாகாது. பல்லாண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓத வந்த சிறுவன் ஒருவன் இருந்தான். அலிபுக்கும் பாவுக்கும் வேறுபாடு சொல்ல அவனால் இயலவில்லை. ஆயின் கையில் சிலேட்டைக் கொடுத்தால் ஓரம் முதல் ஓரம்வரை சின்னஞ்சிறு வளைவுகளை, இடைவெளி ஒன்றுகூடப் பிறழாமல், வரிசை வரிசையாகப் போட்டுக்கொண்டிருப்பான். நாம் அதை அழித்துவிட்டு அலிபை எழுதச் சொல்வோம். மூன்று மாதம் பார்த்தோம். பின்னர் அவன் தந்தையாரை அழைத்து, "பிள்ளைக்கு ஏறவில்லை, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்றோம். "நீங்கள் சொன்னால் சரிதான் ஹஜ்ரத்" என்று கூறி அவர் அழைத்துச் சென்றார். வீட்டிலேயேதான் வைத்துக்கொண்டார். ஓக்லண்டில் காத்திருந்தது இரண்டு ஆண்டு. நாம் காத்திருந்தது மூன்று மாதம். ஓதும் பள்ளி வேறு, கலைக்கூடம் வேறு என்று வாதாடலாம். நாமும் பல நாள் அப்படித்தான் நம்மோடு வாதாடிக்கொண்டோம்.

இனி, மேல்நாட்டு அறிஞர்கள் சிலரோடும் நமக்கு ஒரு வழக்கு உண்டு. இத்தகைய கலைஞர்களின் படைப்புக்கு அவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: அவுட்சைடர் ஆர்ட், அதாவது வெளியாள் கலை. 1972இல் ரோஜர் கார்டினல் என்பார் தம் நூலுக்கு இட்ட தலைப்பு அது. கலைக்கூடத்தில் பயிலாமலும் கலையுலகின் வழிகளுக்கு உட்படாமலும் படைப்போரைக் குறிக்க எழுந்தது. நன்னோக்கோடுதான் எழுந்தது. ஆயினும் கேட்கிறோம்: முப்பத்தைந்து ஆண்டு பூட்டிய மனைக்கு உள்ளே கிடந்தவரை வெளியாள் என்பது எந்த இலக்கணம்? வெளியே நின்று பூட்டியவர்களுக்கல்லவா அப்பெயர் பொருந்தும்!

பெயரில் என்ன இருக்கிறது என்போர் பின்வரும் செய்தியைக் கேட்கட்டும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் ஹான்ஸ் பிரின்ஸ்ஹார்ன் என்னும் மருத்துவர், மனநோய் விடுதிகளில் இருந்தோர் தீட்டிய படங்களை ஆயிரக்கணக்கில் திரட்டி, 1922இல் அவற்றைப் பற்றிப் புகழ்பெற்ற நூல் ஒன்று வெளியிட்டார். ஐரோப்பியக் கலைஞர் பலர் அந்நூலைக் கண்டு வியந்தனர். அதில் மிகவும் பாராட்டப்பட்டவர்களுள் ஒருவர் பிரான்ஸ் கார்ல் பியூலர். இரும்பில் கலைவேலை செய்தவர். நூலிலே அவர் பெயர் பியூலர் அன்று. போல் என்னும் புனைபெயர். படங்கள் பத்திரமாகக் காக்கப்பட்டன. தீட்டியவரோ விடுதியிலேயே விடப்பட்டார். 1940இல் கிராஃபெனெக் என்னும் இடத்தில், ஊனமுற்றோரையும் மனநோயாளரையும் ஒழித்துக்கட்ட நாஜிகள் வகுத்த திட்டத்தின்படி, அவர் கொல்லப்பட்டார்.

பியூலரின் கலைக்கு வியப்புக் குறைவாயிருந்ததா? இல்லை. வியந்தவர்கள் படத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். வரைந்தவருக்கு ஒரு மேசையும், தம் பெயரும், தம் வேலைக்குரிய விலையும், மாலையில் திரும்பிச் செல்ல ஒரு வீடும் தேவை என்று எண்ணவில்லை. ஆகவேதான் "அடடா!" என்னும் சொல்லை நாம் ஐயத்தோடு பார்க்கிறோம்.

விலை என்றதும் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. இத்தகையோர் செய்ததை விற்றுப் பணம் பண்ணலாமா, தர்மமாகச் செய்யவேண்டியதல்லவா என்பர். அறபியில் உஜ்ரத் என்பது கூலி. சதகா என்பது தர்மம். ஃபிக்ஹு நூல்களில் இரண்டும் தனித்தனி அத்தியாயங்கள். கூலி கொடுக்கவேண்டிய இடத்தில் தர்மம் கொடுத்துவிட்டு நன்மை தேடுவோரை என்ன சொல்வது? அமெரிக்காவிலேயே இதன் மறுபக்கம் இருக்கிறது. 1938இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத்தின் ஒரு பிரிவு, ஊனமுற்ற தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுக்க முதலாளிகளுக்கு உரிமம் பெற வழிவைத்தது. "வேலை கொடுத்ததே பெரிது" என்னும் மனப்பான்மை அங்கே சட்டமாகவே அமர்ந்துகொண்டது! கலிபோர்னியா 2021இல் தனிச்சட்டம் இயற்றி, 2025 தொடக்கத்தோடு அம்முறைக்கு முடிவு கட்டியது. இதனோடு ஒப்பிட்டால்தான் விற்ற விலையில் பாதி என்னும் அக்கூடத்து ஏற்பாட்டின் அருமை விளங்கும்.

ஜூடித்துக்குத் தம் புகழும் தம் படைப்பின் விலையும் விளங்கினவா என்று கேட்பார்கள். விளங்கியிராது. அவர் எதையும் எவரிடமும் சொன்னதில்லை. சொல்லும் மொழி அவரிடம் இல்லை. இரட்டையர் பிரிந்த துயரத்தையே நூலில் சுற்றினார் என்று எழுதியிருக்கும் விமரிசகர்களும் ஊகித்தவர்களே. ஆனால் உரிமை என்பது உரியவருக்கு விளங்கினால்தான் உண்டு என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? தொட்டிலில் கிடக்கும் அநாதைக் குழந்தைக்கும் வாரிசுப் பங்கு உண்டே!

இன்னுமொரு தடை நம்மவரிடமிருந்தே எழும் என்பதை அறிவோம்: உருவம் வரைவது ஆகுமா என்பது. அது தனி விவாதம். வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். நூல் சுற்றுவதில் உருவம் ஏது? அதே கூடத்தில் டான் மில்லர் என்பார் எழுத்துகளையும் சொற்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியப் படிய எழுதி, கருமேகம் போல் ஆக்குகிறார். வில்லியம் ஸ்காட் என்பார் தம் நகரம் நாளை எப்படி இருக்கவேண்டும் என்று கட்டடங்களைத் திட்டமிட்டுத் தீட்டுகிறார். 2023இல் சான்பிரான்சிஸ்கோவின் நவீனக் கலை அருங்காட்சியகம் அம்மூன்று கூடங்களின் கலைஞர்களுடைய படைப்புகளை நூற்றுக்கும் மேலாக வாங்கித் தன் சேர்க்கையில் வைத்தது. 2024இல் கிரியேட்டிவ் குரோத்தின் ஐம்பதாண்டை ஒட்டிக் கண்காட்சியும் நடத்தியது. அருங்காட்சியகம் வாங்காவிட்டால் அம்மேசைகள் வீண் என்பது நம் கருத்தன்று. அங்கு வரும் நூற்றுவரில் பெரும்பாலோர் பெயர் எந்தச் சுவரிலும் ஏறப்போவதில்லை. அவர்களும் காலையில் வந்து, தம் இடத்தில் அமர்ந்து, தாம் தொடங்கியதைத் தொடர்கிறார்கள். நம் வீட்டுத் திண்ணையிலும் பின்கட்டிலும் இருப்போருக்கு இது வாய்த்திருக்கிறதா?

தமிழில் ஊனமுற்றோர் என்ற சொல்லை விலக்கி மாற்றுத்திறனாளிகள் என்று வழங்குகிறோம். நல்ல மாற்றமே. திறன் என்று சொல்லிவிட்டு, அத்திறனை வைத்துப் பார்க்க ஒரு பலகைகூடத் தராதிருப்பதுதான் விந்தை. பெருநகரத்துச் செல்வர்களுக்குத்தான் இதெல்லாம் இயலும் என்று சொல்லவேண்டாம். அவர்கள் தொடங்கியது வண்டிக் கொட்டகையில்.

நம் ஊரிலும் ஒரு திருமண மண்டபம் இருக்கிறது. நிக்காஹ் இல்லாத நாள்களில், அதாவது ஆண்டின் பெரும்பகுதி, பூட்டிக் கிடக்கிறது. வாரத்தில் மூன்று பகற்பொழுது அதன் ஒரு மூலையை இப்பணிக்கு விடலாமா என்று பொறுப்பாளர்களிடம் கேட்டுப் பார்த்தோம். நம்மிடமிருந்து சென்ற அச்சிறுவனை, இப்போது முப்பது வயதை எட்டியவனை, மனத்தில் வைத்துத்தான் கேட்டோம். தரையில் சாயக்கறை படியும் என்றார்கள். இத்தனை ஆண்டு பிரியாணிச் சட்டிகளின் கறையைத் தாங்கிய தரை அது.