மூச்சின் கணக்கு யார் கையில்?

பென்சிலுக்குள் இருக்கிறதே கிராஃபைட், அதை ஒட்டுநாடாவால் உரித்து உரித்து, ஒரே ஓர் அணு கனமுள்ள ஏடாகப் பிரித்தெடுத்தனர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்து ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும். ஆண்டு 2004. ஏட்டின் பெயர் கிராஃபீன். 2010-இல் நோபல் பரிசு அவர்களைத் தேடி வந்தது.

அந்த ஏட்டில் நச்சுவாயு ஒட்டினால் எலெக்ட்ரானைப் பறிக்கும், அல்லது கொடுக்கும். உடனே ஏட்டில் ஓடும் மின்சாரம் மாறும். அந்த மாற்றத்தை அளந்தால் நஞ்சு பிடிபடும்! வாயுவின் மூலக்கூறு ஒன்றே ஒன்று ஒட்டினாலும் கண்டுகொள்ளலாம் என்று 2007-இல் அக்குழுவினர் மெய்ப்பித்தனர்.

மகிழ்கிறோம், தோழர்களே! ஆனால் ஒன்று கேட்கிறோம்: கருவி காட்டும் கணக்கு யார் கண்ணில் படும்? மூச்சிழுக்கும் தொழிலாளியின் கண்ணிலா? அல்லது மானேஜரின் மேஜைக்குள் பூட்டப்படுமா?

இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1863-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அல்கலிச் சட்டம் இயற்றியது. சோடா ஆலைகள் கக்கிய ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவில் நூற்றுக்கு 95 பங்கைத் தடுத்தே தீரவேண்டும் என்றது. அதே மான்செஸ்டரில் வாழ்ந்த ரசாயன அறிஞர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் தலைமை இன்ஸ்பெக்டரானார். ஆலைக் கதவு திறந்தது, அளவு எடுக்கப்பட்டது. ஏன் தெரியுமா? பிரபுக்களின் மரமும் பயிரும் கருகின! டெர்பி பிரபு குரல் கொடுத்தார். சட்டம் வந்தது. புகைபோக்கிக்கு வெளியே இருந்த மரத்துக்குக் காவல் கிடைத்தது. உள்ளே வெந்த தொழிலாளியின் நுரையீரலுக்கு? அந்தச் சட்டத்தில் இடமில்லை!

"கிராஃபீன் கருவி இன்னும் பக்குவப்படவில்லை" என்பார்கள் முதலாளிமார். ஈரக்காற்று அதைக் குழப்பும் என்பது உண்மை. இன்ன வாயு என்று பிரித்தறியத் தனிப்பூச்சு வேண்டும் என்பதும் உண்மை. அதற்காகத்தான் அடிக்கடி சரிபார்க்கச் சொல்கிறோம். குறையைத் திருத்துவது விஞ்ஞானியின் வேலை; அதைச் சாக்காக்குவது லாபவேட்டைக்காரரின் வேலை!

நாம் கேட்பது மூன்று. கருவி தொழிலாளியின் சட்டையில் இருக்கட்டும். அது காட்டும் எண் ஆலை வாசல் பலகையில் நாள்தோறும் ஏறட்டும். சரிபார்ப்பு சங்கப் பிரதிநிதியின் முன்னிலையில் நடக்கட்டும்.

கூலிக் கணக்கைக் கேட்டு வாங்கிய கைகள் இவை. மூச்சின் கணக்கையும் கேட்டு வாங்கும்!