பூட்டாத வைஃபை

தெருக்கதவைத் தாழிடுகிறோம், கொல்லைக்கதவையும் தாழிடுகிறோம். கூடத்து மூலையில் மினுக்கும் வைஃபைப் பெட்டிக்குப் பூட்டு உண்டா, தோழர்களே?

“பக்கத்து வீட்டுப் பையன் படம் பார்த்துவிட்டுப் போகட்டுமே” என்பார் சிலர். தாராள மனம்தான்! ஆனால் 2008 ஜூலை 26-ஐ மறக்கலாமா? அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. சில நிமிடங்களுக்கு முன்புதான் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்திருந்தது. எங்கிருந்து? நவி மும்பையில் ஒருவர் வீட்டு இணைப்பிலிருந்து! எழுதியது அவரா? இல்லை! பூட்டாத அவருடைய வைஃபையில் எவரோ புகுந்துவிட்டனர். அனுப்பியவன் மறைந்தான், விசாரணைக்கு ஆளானவர் வீட்டுக்காரர்!

பூட்டுவது பெரிய வித்தையன்று. பெட்டியின் அமைப்பில் டபிள்யூ.பி.ஏ.3, அது இல்லையேல் டபிள்யூ.பி.ஏ.2 வையுங்கள். டபிள்யூ.இ.பி. என்பது 2001-லேயே உடைபட்ட பூட்டு, தொடாதீர்கள். கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும். செல்பேசி எண் வேண்டாம், அது தெருவுக்கே தெரியும்! டபிள்யூ.பி.எஸ். வசதியை அணையுங்கள். அமைப்புக்குள் நுழையும் கடவுச்சொல் ‘அட்மின்’ என்றே இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

இத்தனையும் ஆலைவேலை முடித்து வரும் தொழிலாளி தானே கற்கவேண்டுமாம். மாதந்தோறும் பணம் வாங்கும் கம்பெனிக்குப் பொறுப்பில்லையாம்! எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்பதை 2024 ஏப்ரலில் பிரிட்டன் தடுத்தது. இங்கே கம்பி இழுக்க வரும் தம்பி நம்மைப்போல் உழைப்பாளி. அவரோடு சண்டை வேண்டாம். கம்பெனியைக் கேளுங்கள்: “பூட்டும் வழியைக் காட்டாமல் பணம் கேட்பதேன்?”