‘கொஞ்சம்’ என்பது அளவாகாது

பால் குடிக்கும்போது புரையேறித் திணறும் கைக்குழந்தையின் பெற்றோரிடம், “பாலைக் கொஞ்சம் கெட்டியாக்கிக் கொடுங்கள்” என்று மருத்துவமனைகளில் சொல்வதுண்டு. விழுங்குதல் சிகிச்சை அளிப்போருள் ஒருவராக நானும் அவ்வாறு சொல்லியிருக்கிறேன். அந்த ‘கொஞ்சம்’ என்னும் சொல்லை நாங்களும் நீங்களும் கைவிட வேண்டும் என்பதே என் கருத்து.

கெட்டியாக்குவதன் நோக்கம் எளியது. உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் கைக்குழந்தை ஓர் ஒழுங்கில் இணைத்துச் செய்கிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும், நரம்பு அல்லது இதயக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கும் இந்த ஒழுங்கு தவறக்கூடும். அப்போது நீர்த்த பால் விரைந்து ஓடி, மூச்சுக்குழலின் வாயில் மூடுவதற்கு முன்பே உள்ளே புகுந்துவிடுகிறது. கெட்டியான பால் மெதுவாக நகர்வதால் குழந்தைக்குச் சற்று அவகாசம் கிடைக்கிறது. தக்க குழந்தைக்குத் தக்க அளவில் கொடுத்தால் இது நுரையீரலைக் காக்கும்.

அளவு தவறினால் நிலைமை வேறு. ‘கொஞ்சம்’ நல்லதென்றால் இன்னும் கொஞ்சம் மேலும் நல்லது என்று எண்ணி, வீட்டில் மற்றொரு கரண்டி மாவு சேர்க்கிறார்கள். குழந்தை உறிஞ்சிக் களைத்துப் பாதியிலேயே உறங்கிவிடுகிறது; மலச்சிக்கலும் வருகிறது. பால் இறங்கவில்லையே என்று புட்டியின் ரப்பரைக் கத்தரித்துத் துளையைப் பெரிதாக்கினால், எந்த வேகத்தைத் தடுக்க முனைந்தோமோ அதுவே மீண்டும் வந்துவிடுகிறது. இவையெல்லாம் அக்கறையால் நேர்பவை. குற்றம் குடும்பத்தாருடையது அன்று. அளவு சொல்லாமல் அனுப்பியவர்கள் நாங்கள்.

எதைக் கொண்டு கெட்டியாக்குகிறோம் என்பதும் சிறிய செய்தியன்று. ‘சாந்தன் கம்’ என்னும் பிசினால் ஆன ஒரு பொருளைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று 2011 மே மாதத்தில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அப்பொருளை உட்கொண்ட குழந்தைகள் சிலருக்குக் குடலின் திசுக்கள் அழியும் கொடிய நோய் கண்டதே காரணம். 2012 செப்டம்பரில் அந்த எச்சரிக்கை எல்லா வயதுக் கைக்குழந்தைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அதற்குள் அடையாளம் காணப்பட்ட குழந்தைகள் 22 பேர். அவர்களுள் 7 பேர் இறந்தனர். அந்த நோய்க்கு அப்பொருள்தான் காரணம் என்பது ஐயமற நிறுவப்படாவிட்டாலும், கடைப்பொடி எதையும் கேளாமல் கலக்கலாகாது என்பதற்கு இதுவே போதும்.

அப்படியானால் வீட்டிலுள்ள அரிசி மாவும் கூகைக்கிழங்கு மாவும் போதுமே என்று தோன்றலாம். தாய்ப்பாலில் மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதி இயற்கையாகவே உண்டு. கலந்தபோது கெட்டியாக இருந்த பால், குழந்தை குடித்து முடிப்பதற்குள் நீர்த்துவிடும். கண்ணுக்குத் தெரியும் பாதுகாப்பு வாய்க்குள் இராது. தேனையோ ஒரு வயது நிறையும்வரை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்கலாகாது. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சு நோய் அதனால் வரக்கூடும்.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். இருமல் நின்றுவிட்டது என்பதாலேயே ஆபத்து நீங்கிவிட்டதாகக் கொள்ள முடியாது. சில குழந்தைகளுக்கு இருமலே இன்றிப் பால் மூச்சுக்குழலுக்குள் இறங்கும். பால் குடித்தபின் ஈரமான குரல், முகம் நீலம் பாய்தல், ஒவ்வொரு முறையும் அரை மணிக்கு மேல் நீளும் பாலூட்டல், எடை கூடாமை, அடிக்கடி வரும் நிமோனியா ஆகியவற்றையும் கவனித்துச் சொல்லுங்கள். தேவையான குழந்தைக்கு, விழுங்குவதை எக்ஸ்ரே திரையில் பார்த்து உறுதி செய்ய வழி உண்டு.

ஆகவே, கெட்டியாக்கிய பாலை மருந்தாகவே கருத வேண்டும் என்கிறேன். மருந்துச் சீட்டில் இருப்பவை இதற்கும் இருக்கட்டும்: பொருளின் பெயர், இத்தனை மில்லிக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு, மறு ஆய்வுக்குரிய நாள். குழந்தை வளர வளர விழுங்கும் திறனும் மாறும். மூன்றாம் மாதத்தில் தேவைப்பட்டது ஆறாம் மாதத்தில் தேவையற்றுப் போகலாம். கெட்டியாக்குவதற்கு முன், ஒருக்களித்துப் பிடித்தல், மெதுவாகப் பால் வரும் ரப்பர், இடையிடையே நிறுத்தி மூச்சுவிட வைத்தல் ஆகியவற்றை முயன்று பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.

இத்தனை கணக்கும் ஏழைக் குடும்பங்களுக்குச் சுமையல்லவா என்று சிலர் கேட்கின்றனர். பன்னாட்டுத் தரமுறையில் பயன்படும் சோதனைக்கு வேண்டியது ஊசியற்ற ஒரு 10 மில்லி சிரிஞ்சே. அதன் நுனியை விரலால் மூடி, 10 மில்லி வரை நிரப்பி, 10 விநாடி ஓடவிட்டு, எஞ்சியதைப் பார்க்க வேண்டும். 1 முதல் 4 மில்லி வரை நின்றால் முதல் நிலை. 4 முதல் 8 மில்லி வரை நின்றால் இரண்டாம் நிலை. சிரிஞ்சுகளின் நீளம் வேறுபடுவதால் உரியதை நாங்களே தந்து, உங்கள் கையாலேயே ஒருமுறை செய்து பார்க்க வைக்க வேண்டும். அது எங்கள் கடமை.

அடுத்த முறை எங்களில் எவரேனும் ‘கொஞ்சம்’ என்று சொன்னால், தயங்காமல் “எவ்வளவு? எதைக் கொண்டு? எதுவரை?” என்று கேளுங்கள். விடை எழுத்தில் கிடைக்கும்வரை நாற்காலியை விட்டு எழ வேண்டாம்.